தூத்துக்குடியிலிருந்து பாம்பனுக்குப் படகில் போக, கடல் அடங்கும்வரை காத்திருக்க

மூன்று நாள் லீவு போட்டுவிட்டு இந்தப் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான், அவுட்போர்டு இஞ்சினைப் பின்புறம் மாட்டிய ஃபைபர் படகுக்கு நல்ல கடலில் இரண்டு காலை வேலை, ஆனால் அந்த நல்ல கடல் உங்கள் லீவைப் பார்த்து வராது. ஒரு வாரமாவது கையில் இருக்கட்டும். கூடவே அந்தக் கரையில் தொழில் செய்யும் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாதத்தைச் சரியாகப் பிடித்தாலே பாதிக் காத்திருப்பு மிச்சம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 வரை வீசும் என்று வானிலை மையம் எச்சரிப்பது அப்போது வாடிக்கை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் புயல் சின்னமும். என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி, மார்ச்.

அந்த மாதங்களிலும் தினம் பார்க்க வேண்டியது இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பு. இதில் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். 1 மீட்டர் என்று போட்டிருந்தால், வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது, நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்திலும் ஒன்று வந்து மோதும். அலைக்கும் அலைக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். அதே 1 மீட்டர் பத்து விநாடிக்கு ஒன்றாக வந்தால் படகு மெல்ல ஏறி இறங்கும், நாலு விநாடிக்கு ஒன்றாக வந்தால் முகப்பு டமார் டமார் என்று அடித்து இடுப்பு கழன்றுவிடும். காற்றே இல்லாமல் கரையில் மட்டும் அலை தூக்கினால் அது கள்ளக்கடல், தெற்கே வெகுதூரத்துப் புயலின் வேலை. அன்றைக்குப் படகை இறக்கவே வேண்டாம்.

ஆப் என்ன சொன்னாலும் சரி, விடியற்காலை துறைக்குப் போய்ப் பாருங்கள். நாட்டுப்படகுகள் கரையேறிக் கிடந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் படுங்கள்.

சரி, கடல் அடங்கிவிட்டது. வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பதினோரு மணிக்குள் ஏதாவது ஒரு துறைக்குள் இருக்க வேண்டும், மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறி நுரை தெறிக்க ஆரம்பித்துவிடும். வேம்பார், வாலிநோக்கம், கீழக்கரை என்று ஒதுங்க இடங்கள் உண்டு. எந்த இடத்தில் கடல் கெட்டால் எங்கே ஒதுங்குவது என்பதை முந்தின இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாமல். படகின் பதிவுச் சான்று, அடையாள அட்டை, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கடலோரக் காவல்படையின் எண் 1554.

வழி நெடுக 21 தீவுகள், 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்கா. மணல் எவ்வளவு வெள்ளையாகக் கூப்பிட்டாலும் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது, சுற்றிலும் பவளப்பாறை வேறு. கரைப்பக்கமாகப் போனால் கடல்தாழை, அதாவது கடலடியில் வளரும் புல். இங்கே இஞ்சினின் பின்னால் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை மேல் ஒரு கண் வைத்திருங்கள். அது சொட்டுச் சொட்டாக மாறினால் இஞ்சின் சூடு தணியத் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தைத் தாழை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, இஞ்சினைத் தூக்கி, ரிப்பன் மாதிரி ஒட்டியிருப்பதைக் கையால் உருவி எடுங்கள். இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டினால் இஞ்சின் வெந்துவிடும்.

பாம்பன் வந்ததும் அப்படியே பாலத்துக்கு அடியில் புகுந்துவிடாதீர்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் தென்கடல், அந்தப் பக்கம் வடகடல். வாடை வீசினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கும், கச்சானுக்கு இது தலைகீழ். அதனால் நீங்கள் வந்த பக்கம் குளம்போல இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழமில்லாத கடல், காற்று கொஞ்சம் கூடினாலே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். பாலத்துக்கு அடியிலுள்ள கால்வாயில் நீரோட்டமும் வேகம். துறைமுக அலுவலகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள், 3 என்றால் திடீர்க் காற்று எதிர்பார்க்கப்படுகிறது. அப்புறம் வடகடலிலிருந்து வரும் படகு ஒன்றை நிறுத்தி, அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நுழையுங்கள்.