வயிற்றுவலிக் குழந்தைக்கு உணவை நிறுத்தும்போது செய்யும் தவறுகள்

குழந்தைக்கு அடிக்கடி வயிறு வலித்தால் பலர் முதல் வேலையாகக் கோதுமையையும் பாலையும் நிறுத்திவிடுகிறார்கள். வலி மாதத்தில் 4 நாளாவது வந்து, 2 மாதத்துக்கு மேல் நீடித்து, மலம் போகும் விதமும் மாறியிருந்தால் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்று சந்தேகிக்கலாம். ஆனால் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான், கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். எடை குறைவு, மலத்தில் ரத்தம், வலியால் இரவில் விழிப்பது, வளர்ச்சி தேங்குவது என ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, நிறுத்திய உணவைத் திரும்பக் கொடுக்காமலே விட்டுவிடுவது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பில் உள்ள சில மாவுச்சத்துகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். பாக்டீரியா அவற்றை நொதிக்கவைத்து வாயு உண்டாக்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஐ.பி.எஸ். குழந்தைக்குக் குடல் நரம்புகளின் உணர்வு அதிகம் என்பதால் அந்த உப்புசமே வலியாகிறது. ஆனால் பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல நுண்ணுயிரிகளுக்குத் தீனியும் அதே மாவுச்சத்துதான். மாதக்கணக்கில் நிறுத்தினால் அவை குறையும். வளரும் குழந்தைக்குக் கால்சியமும் நார்ச்சத்தும்கூடக் குறையும்.

அதனால் உணவியல் நிபுணரின் துணையோடு 2 முதல் 6 வாரம் மட்டும் நிறுத்துங்கள். வலி குறையவில்லை என்றால் பழைய சாப்பாட்டுக்கே திரும்பலாம். குறைந்தால் நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். பால் என்றால் முதல் நாள் கால் கப், மறுநாள் அரை கப், மூன்றாம் நாள் ஒரு கப். சின்னக் குழந்தைக்கு இன்னும் குறைவாக. வலித்தால் அங்கேயே நிறுத்தி, வயிறு அடங்க 2, 3 நாள் விட்டு அடுத்த உணவுக்குப் போங்கள். இரண்டை ஒன்றாகக் கொடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கடைசிவரை தெரியாது. அரை கப் ஒத்துக்கொள்கிற குழந்தைக்குப் பாலை முழுக்க விலக்கத் தேவையே இல்லை.

மலச்சிக்கல் என்றதும் கோதுமைத் தவிட்டை அள்ளிக் கொடுப்பது உப்புசத்தைக் கூட்டும். 2 வயதுக்கு மேல், வயதோடு 5 கூட்டினால் வரும் கிராம் அளவு நார்ச்சத்து போதும்: 8 வயதுக்கு 13 கிராம். ஓட்ஸ் போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்து. பேதியாகும் குழந்தைக்கு ஆப்பிள் ஜூஸ் வேண்டாம். அதிலுள்ள ஃப்ரக்டோஸ், சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள்கள் நீரைக் குடலுக்குள் இழுக்கும்.

புரோபயாடிக் (நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய தயாரிப்பு) எல்லாம் ஒன்றல்ல, ரகத்துக்கு ரகம் பலன் மாறும். மருத்துவர் சொன்ன ஒரே ரகத்தை 4 வாரம் கொடுங்கள். பலனில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

சாப்பாடு, வலி, மலம் மூன்றையும் தினமும் நேரத்தோடு குறித்துவையுங்கள். அதற்காகக் குழந்தையிடம் "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். கவனம் வலியிலேயே நின்றால் வலி கூடும்.