மதுரையிலிருந்து லண்டன்: விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

லண்டனில் உள்ள மகள் வீட்டுக்குக் கோடையில் புறப்பட்ட எதிர்வீட்டுப் பெரியம்மா, பயணச்சீட்டில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பாடு, அன்றிரவு 10 மணிக்கு வருகை என்றிருந்ததைப் பார்த்து, “பத்து மணி நேரந்தானப்பா, சென்னைக்குப் பஸ்ல போற மாதிரி” என்றார். அந்தப் பத்து மணி நேரம் எங்கே தவறுகிறது என்பதை ஒரு உலக உருண்டையையும் பூக்கட்டும் நூலையும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தொலைவு. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளக்காதீர்கள். அதில் மதுரைக்கும் லண்டனுக்கும் இடையே கோடு போட்டால் அது சவூதி அரேபியாவின் மேல் செல்லும். உருண்டையில் நூலின் ஒரு முனையை மதுரையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை லண்டன் வரை தொய்வின்றி இழுத்தால், நூல் அரபிக்கடலைத் தாண்டி ஈரான் வழியாகக் காஸ்பியன் கடலோரம் போவதைக் காணலாம். உண்மையான குறுக்கு வழி இதுதான்.

இனி அந்த நூலை அளவுகோலில் வையுங்கள். உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 94 செ.மீ.; பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகையால், ஒரு செ.மீ. நூல் 425 கி.மீ. ஆகிறது. நூல் 19.7 செ.மீ. வந்தால் விடை சுமார் 8,370 கி.மீ.; இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு கணக்கிட்டால் 8,360 கி.மீ. வருகிறது. நூலுக்கு இது நல்ல மதிப்பெண் என்றே சொல்வேன்.

ஆனால் மதுரையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இல்லை. ஆகவே, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். துபாய் வரை 2,950 கி.மீ., அங்கிருந்து லண்டன் 5,500 கி.மீ.; கூட்டினால் 8,450. நேர்வழியைவிட நூறு கி.மீ. அளவுக்கே கூடுதல். கொழும்பு வழி என்றால் 9,000 கி.மீ.யைத் தாண்டிவிடும்.

அடுத்தது நேரம். தொலைவை விமானத்தின் வேகமான மணிக்குச் சுமார் 850 கி.மீ.ஆல் வகுத்து, ஓடுபாதையில் நகர்வதற்கும் ஏறி இறங்குவதற்குமாக ஒவ்வொரு கட்டத்துக்கும் அரை மணி நேரம் சேருங்கள்: துபாய்க்கு 4 மணி, லண்டனுக்கு 7 மணி. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துப் பறப்பதால் இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் அரை மணி. துபாயில் 3 மணி நேரக் காத்திருப்பையும் கூட்டினால் மொத்தம் பதினான்கரை மணி நேரம்.

நண்பகல் 12 மணியோடு இதைக் கூட்டினால் நம் கடிகாரத்தில் பின்னிரவு 2.30. லண்டன் நேரம் கோடையில் நமக்கு நான்கரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் பின்தங்கியிருக்கும். கோடைக் கணக்கைக் கழித்தால் இரவு 10 மணி. பெரியம்மாவின் சீட்டில் காணாமற்போன நான்கரை மணி நேரம் இதுதான். திரும்பி வரும்போது அதைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்; காற்று பின்னாலிருந்து தள்ளுமென்பதால் அந்தக் கூடுதல் அரை மணியைச் சேர்க்கவும் தேவையில்லை.