ஆஸ்திரேலியா பார்ட்னர் விசா: உறவு உண்மையானது என்பதைத் தாள்களில் காட்டுவது எப்படி

இரண்டு குடும்பமும் கூடி, ஊரறிய நடந்த கல்யாணம். பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும் ஆஸ்திரேலிய உள்துறை அதிகாரிக்கு உங்கள் ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. சான்றிதழைப் பார்த்து, கல்யாணம் சட்டப்படி நடந்தது என்பதை மட்டும் அவர் தெரிந்துகொள்வார். அதற்குப் பிறகு நீங்கள் கணவன் மனைவியாக வாழ்ந்து வருகிறீர்கள் என்பதற்கு வேறு தாள்கள் வேண்டும்.

இது முக்கியமாக, வெளிநாட்டிலிருந்து போடும் 309/100 பார்ட்னர் விசாவுக்கு (309 தற்காலிகம், 100 நிரந்தரம்) எழுதியது. ஆஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி போடும் 820/801 விசாவுக்கும் அளவுகோல் இதேதான். கட்டணம் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். நிராகரித்தால் அந்தப் பணம் திரும்பாது. போடுவதற்கு முன் ஒரு மாதம் உட்கார்ந்து தாள்களை ஒழுங்கு செய்வது கட்டாயம் பலன் தரும்.

அதிகாரி எதைத் தேடுகிறார்

1994-ஆம் ஆண்டு குடிவரவு விதிகளில் 1.15ஏ என்று ஒன்று இருக்கிறது. கல்யாணமான தம்பதியின் உறவை நான்கு பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறது அந்த விதி: பணத்தை எப்படிப் பகிர்கிறீர்கள், வீட்டு வாழ்க்கை எப்படி நடக்கிறது, மற்றவர்கள் உங்களைத் தம்பதியாக அறிந்திருக்கிறார்களா, ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரம் கடமைப்பட்டிருக்கிறீர்கள். நான்கும் ஒரே அளவு பலமாக இருக்க வேண்டியதில்லை. கணவர் மெல்போர்னிலும் மனைவி திருச்சியிலும் இருக்கும்போது சேர்ந்த வீட்டு வாழ்க்கைக்குத் தாள் குறைவாகத்தான் இருக்கும். சட்டம் கேட்பது, நிரந்தரமாகப் பிரிந்து வாழவில்லை என்பதை. விசாவுக்காகக் காத்திருப்பது நிரந்தரப் பிரிவு ஆகாது. ஆனால் குறைவாக இருக்கும் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. ஏன் குறைவு என்று நீங்களே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அதிகாரி தானாக ஒரு காரணம் ஊகிப்பார்.

முதலில் ஒரு தேதிப் பட்டியல்

ஒரு சான்றையும் சேர்க்கத் தொடங்கும் முன் இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் போடுங்கள்: ஜாதகம் கைமாறிய நாள், பெண் பார்த்த நாள், முதல் போன் பேச்சு, நிச்சயம், கல்யாணம், பதிவு, ஒவ்வொரு விமானப் பயணமும், சேர்ந்திருந்த நாட்கள், பிரிந்திருந்த நாட்கள். நினைவை நம்பாதீர்கள். பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட், மண்டப ரசீது இவற்றைப் பார்த்து நிரப்புங்கள். ஆஸ்திரேலியாவுக்குள் வந்ததும் வெளியேறியதும் உள்துறையின் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் எழுதும் தேதி அதோடு மோதினால் தவறு உங்கள் பக்கம்தான்.

பிறகு எழுதும் எல்லாத் தாளும், சாட்சிகளின் கடிதம் உட்பட, இந்தப் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். நிராகரிப்புக்குப் போகும் கேஸ்களில் சான்று இல்லாதவை ஒரு பக்கம் என்றால், இருக்கிற சான்றுகள் ஒன்றையொன்று மறுப்பவை இன்னொரு பக்கம்.

இருவரின் வாக்குமூலம்

ஆளுக்கு இரண்டு மூன்று பக்கம், தனித்தனியாக எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். எங்கே, எப்போது, எப்படிச் சந்தித்தீர்கள். உறவு எப்படி வளர்ந்தது. என்ன சேர்ந்து செய்கிறீர்கள். பிரிந்திருந்த காலத்தில் எப்படித் தொடர்பு வைத்திருந்தீர்கள். இனி என்ன திட்டம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பெயர் மாற்றி ஒட்டினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். தேதி ஒன்றாக இருக்கட்டும். சொல்லும் விதம் அவரவருடையதாக இருக்கட்டும்.

வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம் என்றால் அப்படியே எழுதுங்கள். அதைக் காதல் கதையாக மாற்றி எழுதும் பழக்கம் பெரிய கேடு. பேசிப் பழகிய காலம் மூன்றே வாரம் என்றால் மூன்று வாரம்தான். யார் வரன் சொன்னார்கள், நிச்சயத்துக்கு முன் எத்தனை தடவை பேசினீர்கள், எது பிடித்துச் சம்மதித்தீர்கள் என்று விவரமாக எழுதினால் போதும். நம் வழக்கங்களையும் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தால், அந்த ஒரு மாதம் தாளில் பிரிவாகத்தான் தெரியும். இலங்கைத் தம்பதிகளுக்கு இன்னொன்று: எழுத்து (கல்யாணப் பதிவு) முதலில் முடிந்து, தாலிகட்டு மாதங்கள் கழித்து நடப்பது சாதாரணம். சட்டப்படி எழுத்து அன்றே கல்யாணம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் அவரவர் வீட்டில் இருந்தீர்கள் என்பது தெரியாத அதிகாரிக்கு அது சந்தேகமாகவே படும்.

பணம்

விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு திறந்து, 500 டாலர் போட்டு அப்படியே விட்ட கூட்டுக் கணக்கு எதையும் நிரூபிக்காது. சம்பளம் வந்து, வாடகையும் மளிகையும் போகும் கணக்குத்தான் பேசும்.

துணை இந்தியாவில் இருக்கும்போது கூட்டுக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் இந்தியாவில் வசிக்கும் துணையை ‘பார்மர் ஆர் சர்வைவர்’ முறையில்தான் சேர்ப்பார்கள். அதாவது பெயர் இருக்கும். பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்காவிட்டால் அவர் அந்தக் கணக்கை இயக்க முடியாது. ஆகவே ஸ்டேட்மென்டில் இருவரும் செலவு செய்வது தெரியாது. இதைவிட, மாதாமாதம் துணையின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பி, அங்கிருந்து அவர் வீட்டுச் செலவு செய்வதைக் காட்டுவது மேல். அனுப்பும்போது குறிப்பில் ‘வாடகை’, ‘மருத்துவம்’ என்று உண்மையான காரணத்தை எழுதுங்கள். அனுப்பிய பக்க ரசீதும், வந்து சேர்ந்த பக்க ஸ்டேட்மென்டும் இரண்டும் வேண்டும். துணை சம்பாதிப்பவர், பணம் தேவைப்படவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அவர் மாமியார் வீட்டு மின்கட்டணத்தையோ காஸ் சிலிண்டரையோ கட்டுகிறார் என்றால் அதுவும் பகிர்வுதான்.

ஸ்பான்சர், அதாவது ஆஸ்திரேலியாவில் இருந்து துணையை அழைப்பவர், பக்கத்தில் அதிகம் விடுபட்டுப்போவது சூப்பர் கணக்கு (ஓய்வுக்காலச் சேமிப்பு). இறந்தால் பணம் துணைக்கு என்று கட்டாய நியமனம் செய்யலாம். அதற்கு 18 வயதுக்கு மேற்பட்ட இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்; பணம் பெறப்போகும் துணை சாட்சியாக இருக்கக் கூடாது. பெரும்பாலான நியமனங்கள் மூன்று ஆண்டில் காலாவதியாகும். உயில், எல்ஐசி நாமினி, அலுவலகத்தில் அவசரத் தொடர்பாகக் கொடுத்த பெயர் எல்லாம் கடமைப்பாட்டுக்கும் சான்றாகும்.

வீடு

சேர்ந்து வாழ்பவர்களுக்கு இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், மின்சாரம், இணையக் கட்டணம், ஒரே முகவரிக்குத் தனித்தனிப் பெயரில் வந்த கடிதங்கள் போதும். வீட்டுவேலையை எப்படிப் பகிர்கிறீர்கள் என்பதற்குத் தாள் கிடையாது. வாக்குமூலத்தில்தான் எழுத வேண்டும். ‘எல்லாம் சமமாகச் செய்கிறோம்’ என்பது வெறும் வாய்ச்சொல். யார் சமைக்கிறார்கள், யார் துணி துவைக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

பிரிந்து வாழ்பவர்கள் சேர்ந்திருந்த ஒவ்வொரு நாளையும் சேகரிக்க வேண்டும். இங்கே ரயில் டிக்கெட் நல்ல கருவி: ஐஆர்சிடிசி டிக்கெட்டில் ஒரே பிஎன்ஆரில் இருவர் பெயரும், வயதும், தேதியும், ஊரும் இருக்கும். விடுதியில் தங்கினால் பில்லில் இருவர் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கல்யாணத்துக்குப் பிறகு துணை புகுந்த வீட்டில் இருந்தால் ஆதார், வங்கி முகவரியை மாற்றுங்கள். இலங்கையில் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ் உதவும். மாமனாரோ மாமியாரோ, எந்த மாதம் முதல் மருமகள் தங்களோடு இருக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதித் தரலாம்.

ஊரும் உறவும்

உங்கள் உறவுக்குச் சாட்சி சொல்லும் படிவமான பாரம் 888-ஐ ஆஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள, 18 வயதுக்கு மேற்பட்ட, உங்களை அறிந்தவர்கள் எழுத வேண்டும். குறைந்தது இரண்டு பேர் எழுதட்டும். உள்துறைத் தளத்தில் அன்றைக்கு இருக்கும் படிவத்தையே எடுங்கள். நண்பர் தந்த பழைய பிரதி வேண்டாம். ‘நல்ல பிள்ளைகள், அன்பாக இருக்கிறார்கள்’ என்று எழுதுவதால் பயனில்லை. எப்போது, எங்கே இருவரையும் பார்த்தார், என்ன பேசினார், எதை வைத்து நம்புகிறார் என்று எழுத வேண்டும். துணையைப் போனில் மட்டுமே பார்த்த நண்பர் அதை அப்படியே சொல்லலாம். நேரில் பார்த்ததாக எழுதக் கூடாது. ஊரில் இருக்கும் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் தனிக் கடிதமாகவோ நோட்டரி முன் அபிடவிட்டாகவோ தரலாம்.

போட்டோ 25 முதல் 30 போதும். கல்யாண ஆல்பத்திலிருந்து ஆறேழு. மீதி மற்ற நாட்களில் எடுத்தவை: தலை தீபாவளி, கோயில், மருத்துவமனை, கடைத்தெரு, உறவினர் வீடு. ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், உடன் இருப்பவர் யார் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவில் எடுத்த தேதி அழிந்துபோயிருக்கும். எடுத்த போனிலிருந்து மூலக் கோப்பை வாங்குங்கள்.

கல்யாணப் பத்திரிகை, மண்டபம், சமையல், நகை ரசீதுகளோடு மொய் நோட்டையும் மறக்காதீர்கள். யார் எந்த ஊரிலிருந்து வந்து வாழ்த்தினார்கள் என்பது அன்றே கையால் எழுதப்பட்ட பதிவு அது. முழு நோட்டும் வேண்டாம். மூன்று பக்கம், மொழிபெயர்ப்போடு.

தமிழ்நாட்டில் நடந்த கல்யாணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். கோயில் ரசீது பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது.

போனும் அரட்டையும்

வாட்ஸ்அப்பில் முழு அரட்டையையும் ஏற்றுமதி செய்தால் ஆயிரக்கணக்கான பக்கம் வரும். யாரும் படிக்க மாட்டார்கள். முதல் மாதத்திலிருந்து இந்த மாதம் வரை, மாதத்துக்கு இரண்டு பக்கம் எடுங்கள். கொஞ்சல் வரிகளைத் தேடிப் பொறுக்க வேண்டாம். வாடகை, காய்ச்சல், அம்மாவின் கண் ஆபரேஷன், சண்டை, சமாதானம் என்று அன்றாடம் ஓடும் பேச்சில்தான் குடும்பம் தெரியும். அந்தரங்கப் படங்களை ஒருபோதும் அனுப்பாதீர்கள். தங்கிலீஷில் எழுதியதை அதிகாரி வாசிக்க முடியாது. தேர்ந்தெடுத்த பக்கங்களை மட்டும் மொழிபெயருங்கள். அழைப்புப் பட்டியலை மாதம் ஒரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போன் மாறினால் அது போய்விடும். மறையும் செய்தி வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். நேரம் அந்தந்தப் போனின் கணக்கில் பதிவாகும்: சென்னைக்கும் சிட்னிக்கும் நான்கரை மணி நேரம் வித்தியாசம், கோடைக்கால நேரத்தில் ஐந்தரை. எந்தப் போனிலிருந்து எடுத்தது என்று மேலே குறித்துவிடுங்கள்.

பெயர்க் குழப்பம்

இனிஷியல் என்றால் என்னவென்று பல அதிகாரிகளுக்குத் தெரியாது. பள்ளிச் சான்றிதழில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா சுப்பிரமணியன், வங்கியில் கவிதா செந்தில் என்றால் அவர் மூன்று பெண்களைப் பார்க்கிறார். எந்தத் தாளில் எந்தப் பெயர், ஏன் அப்படி என்று ஒரு பக்க விளக்கம் எழுதி முதலில் வையுங்கள். விண்ணப்பத்தில் ‘வேறு பெயர்கள்’ கேட்கும் இடத்தில் எல்லாவற்றையும் நிரப்புங்கள்.

முரண்பாடுகள்

கல்யாணத்துக்குப் பிறகும் ஸ்பான்சர் வரிக்கணக்கில் துணை இல்லை என்று போட்டிருந்தால், அல்லது சென்டர்லிங்க் எனும் அரசு அமைப்பின் உதவித்தொகையைத் தனி ஆளாக வாங்கியிருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே திருத்துங்கள். துணை முன்பு கேட்ட மாணவர் விசா, சுற்றுலா விசாப் படிவங்களில் என்ன எழுதினார் என்பதையும் எடுத்துப் பாருங்கள். அவை உள்துறையில் இருக்கின்றன. பழைய தவறு இருந்தால் ஒளிக்காமல் விளக்குங்கள். ஜோடிக்கப்பட்ட ரசீதோ பின்தேதியிட்ட ஒப்பந்தமோ பிடிபட்டால் 4020 என்ற பொதுநல விதிப்படி மூன்று ஆண்டு தடை வரலாம். கள்ளத் தாள் ஒன்று இருந்தால் மற்ற நல்ல தாள்களின் மீதும் சந்தேகம் விழும்.

கோப்பும் அதற்குப் பிறகும்

எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, வகைவாரியாகப் பிடிஎஃப் ஆக்குங்கள். ஒவ்வொரு கோப்பும் 5 எம்பிக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் உள்ளே என்ன இருக்கிறது, அது எதைக் காட்டுகிறது என்று நான்கு வரி எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்த்தால் நாட்டி (NAATI) எனும் மொழிபெயர்ப்பாளர் தர அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர் வேண்டும். வெளிநாட்டில் என்றால் மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி, தகுதி, அனுபவம் தாளிலேயே இருக்க வேண்டும்.

விண்ணப்பம் போட்டதோடு சேகரிப்பை நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த மாதங்களின் பணமும் பேச்சும் பயணமும் விண்ணப்பத்துக்கான உள்துறையின் இணையக் கணக்கான இம்மிஅக்கவுண்டில் ஏற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏற்றினால் போதும். நிரந்தர 100 விசாவுக்கான பரிசீலனை பொதுவாக விண்ணப்ப நாளிலிருந்து இரண்டு ஆண்டு கழித்து வரும். அப்போதும் இதே நான்கு பக்கத்தையும் புதிய தாள்களோடு கேட்பார்கள். ஆகவே துணை ஆஸ்திரேலியா வந்து இறங்கிய வாரமே வாடகை ஒப்பந்தத்தில் பெயரைச் சேர்த்து, வங்கிக்குச் சேர்ந்து போய் வாருங்கள்.