மார்கனுகோடானை மூஞ்சூறு ஆக்காதீர்கள்

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு அட்டையில், "மார்கனுகோடான் என்ற மூஞ்சூறு, பாலூட்டிகளின் முதல் தாத்தா" என்று இருந்தது. மார்கனுகோடான் என்பது எப்போதோ அழிந்துபோன ஒரு சிறு பிராணி, பாலூட்டிகளின் பழைய சொந்தம். அந்த அட்டையில் ஒரே வரியில் இரண்டு தவறு.

சுமார் 10 செ.மீ. நீளம், பூச்சி தின்னும் வாய் என்பதால் அது பார்க்க மூஞ்சூறு போலத்தான் இருந்திருக்கும். ஆனால் நம் வீட்டுச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறுக்கு மார்கனுகோடானைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். தாத்தா என்பதும் கூடாது. 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது நம் நேர்வழியில் வந்ததல்ல, பங்காளி வழி. ஒன்றுவிட்ட தாத்தா என்றால் சரி.

பலரும் தாடையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம், ஏனென்றால் கதையே அங்கேதான் இருக்கிறது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள், ஒரு மூட்டு அசையும். பல்லி, ஓணானுக்குத் தாடை மூட்டு வேறு எலும்புகளில் இருக்கிறது. மார்கனுகோடானுக்கு நம் மூட்டு, பல்லியின் மூட்டு என இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன! பல்லிக்கு இருக்கும் அந்தப் பழைய மூட்டின் எலும்புகள்தான் நம் நடுச்செவியில் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் இருக்கின்றன. மாதிரி செய்கிறவர்கள் இரண்டு மூட்டுக்கும் இரண்டு நிறம் கொடுங்கள்.

டைனோசர் அழிந்த பிறகு வந்தது என்று எழுத வேண்டாம். டைனோசர் காலத்திலேயே வாழ்ந்தது.

உடம்பும் இன்றைய எலிபோல் என்று நினைத்துவிடக் கூடாது. மரத்தில் ஆண்டு வளையம் விழுவதுபோல் அதன் பல் வேரிலும் விழுந்திருக்கிறது. 2020இல் எக்ஸ்-ரே மூலம் எண்ணிப் பார்த்தபோது 14 ஆண்டுவரை வாழ்ந்தது தெரிந்தது. இன்று அந்த அளவுள்ள எலிகளுக்கு ஓரிரு ஆண்டுதான் வாழ்வு. அதன் உடல் இயக்கம் மெதுவாக, ஊர்வனவற்றை ஒத்திருந்தது.

அப்புறம், முட்டம் பாறையில் புதைபடிவம் தேடிப் போகாதீர்கள். குமரி மாவட்டத்துப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை; அவற்றில் புதைபடிவம் மிஞ்சாது. மார்கனுகோடான் முதலில் கிடைத்தது பிரிட்டனின் வேல்ஸில், சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில். 1949இல் கூனே என்பவர் பெயரிட்டார். நம் நாட்டில் தேடுவதென்றால் மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறைகளைப் பற்றிப் படியுங்கள். கோண்ட்வானாடான் என்ற மார்கனுகோடானின் சொந்தக்காரரின் பல் அங்கேதான் கிடைத்தது.