இருபது, முப்பது போர்டுகளுக்கு எஸ்எம்டி சால்டரிங்: கையால் செய்யும் முறை

எஸ்எம்டி என்றால் துளையில் செருகாமல் சர்க்யூட் போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சின்னப் பாகங்கள். முதல் போர்டை மட்டும் முழுதாக முடித்து, பவர் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். டிசைனில் தப்பு இருந்தால் ஒன்றோடு போகும். அது ஓடிய பிறகு மீதியைப் போர்டு போர்டாகச் செய்யாதீர்கள், பாகம் பாகமாகச் செய்யுங்கள்: எல்லாவற்றிலும் முதலில் ஐசி, அடுத்து 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், அடுத்து 10 கே ரெசிஸ்டர், உயரமான கனெக்டர் கடைசியில். சின்ன செராமிக் கெப்பாசிட்டரில் மதிப்பு அச்சிட்டிருக்காது. அதனால் மேசையில் எப்போதும் ஒரே டேப்தான் (பாகங்கள் அடுக்கி வரும் பட்டை) பிரிந்திருக்க வேண்டும். கலந்துவிட்டால் குப்பையில் போடுங்கள்.

சால்டர் 63/37 (63% வெள்ளீயம், 37% ஈயம்), 0.5 மி.மீ. கம்பி போதும். அது 183 டிகிரியில் உருகும். டிப்பை (சால்டரிங் அயர்னின் முனை) 320-ல் வையுங்கள். ஈயம் கலக்காத வழக்கமான சால்டர் 217-க்கு மேல்தான் உருகும், அதற்கு 350. ஊசிமுனை டிப் வேண்டாம், சூடு சரியாகக் கடத்தாது. 2 மி.மீ. உளி டிப் நல்லது.

0805, 0603 அளவுப் பாகங்களுக்கு, எல்லாப் போர்டிலும் ஒரு பக்கப் பேடில் (பாகம் ஒட்டும் உலோகத் திட்டு) மட்டும் துளி சால்டர் வையுங்கள். ட்வீசரில் பாகத்தைப் பிடித்து, அந்தத் துளியை உருக்கி, பக்கவாட்டில் நகர்த்தி உள்ளே விடுங்கள். டிப்பை எடுத்த பிறகும் சால்டர் இறுகும்வரை பிடி விடக்கூடாது. பிறகு போர்டுகளைத் திருப்பி வைத்து மறுபக்கம். முதல் பக்கத்தில் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பரவ உதவும் பொருள்) எரிந்துபோய் சால்டர் மங்கலாக, முள்போல நிற்கும். கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி ஒருமுறை தொட்டால் சரியாகும். டிப் பேடைத்தான் தொட வேண்டும். செராமிக் உடம்பைத் தொட்டால் திடீர்ச் சூட்டில் உள்ளே விரிசல் விடலாம். வெளியே தெரியாது, பின்னால் ஷார்ட் ஆகும்.

0.5 மி.மீ. இடைவெளிக் கால்கள் உள்ள ஐசியில் ஒரு மூலைக் காலை மட்டும் ஒட்டி, நான்கு பக்கமும் லென்ஸில் பாருங்கள். நேராக இருந்தால்தான் எதிர்மூலை. பிறகு ஜெல் ஃப்ளக்ஸைத் தாராளமாகப் போட்டு, சால்டர் ஏற்றிய டிப்பை வரிசையோடு மெதுவாக இழுங்கள். கால்கள் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஃப்ளக்ஸ் காய்ந்திருக்கும். இன்னும் ஃப்ளக்ஸ் போட்டு, துடைத்த டிப்பால் வெளிப்பக்கமாக இழுத்தால் பிரியும். கடைசி இரண்டு கால்களில் மிச்சம் தேங்கும், அதற்கு விக் (சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்).

கோடு பார்த்து ஏமாறாதீர்கள்: டயோடில் கோடு நெகட்டிவ், டான்டலம் கெப்பாசிட்டரில் பாசிட்டிவ்.

பவர் கொடுக்கும் முன் ஒவ்வொரு போர்டிலும் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் அளந்து எழுதுங்கள். மற்றவற்றோடு ஒத்துப்போகாத எண் வந்தால் அந்தப் போர்டைத் தனியே எடுத்து வையுங்கள்.