ஜூன் மாதக் கொழுந்து மே மாதக் கணக்கில் விழாமல் இருக்க

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர்ச் சிறு விவசாயிகளுக்காகப் பச்சைத் தேயிலை எடைக் கணக்குக்கு பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். ஜூன் 5 என்பதை 05/06/2024 என்று சிஎஸ்வி கோப்பில் (கமாவால் பிரித்து எழுதும் பட்டியல்) எழுதும்படி வைத்திருந்தேன். அமெரிக்க ஆங்கிலம் அமைத்திருந்த ஒரு கணினியில் எக்செல் அதை மே 6 என்று எடுத்துக்கொண்டது. 12ஆம் தேதி வரையிலான வரிகள் சத்தமில்லாமல் வேறு வேறு மாதங்களுக்குப் போய்விட்டன, ஜூன் 6 மட்டும் தப்பியது. 13ஆம் தேதியிலிருந்து, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், வெறும் எழுத்தாகவே நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் தப்பு நடந்ததே தெரிந்தது.

முதல் வேலை, சேமிப்பதையும் காட்டுவதையும் தனித்தனியாகப் பிரியுங்கள். கோப்பில் தேதி எப்போதும் 2024-06-05 (ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 முறை), எடை 1250.5, நடுவில் கமா கூடாது. கோப்பின் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8. எக்செல்லில் நேராகத் திறப்பார்கள் என்றால் யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியலாம்.

அடுத்து, திரையில் காட்ட பேபல் (Babel) என்ற பைத்தான் நூலகத்தை நிறுவுங்கள். அதில் ஃபார்மேட்_டெசிமல் (format_decimal) செயற்கூறுக்கு 125000-ஐயும் லொகேலாக, அதாவது மொழி-நாடு அமைப்பாக, டிஏ_ஐஎன்-ஐயும் (ta_IN) கொடுத்தால் 1,25,000 என்று வரும். டிஏ மொழி, ஐஎன் நாடு. சிங்கப்பூருக்கான டிஏ_எஸ்ஜி-யும் தமிழ்தான், ஆனால் 125,000 என்று காட்டும். ஜெர்மனிக்கு 125.000, ஒன்றேகால் லட்சத்தை நம் ஆள் 125 கிலோ என்று படித்துவிடுவார். பைத்தானோடு வரும் செட்லொகேல் வேண்டாம் என்பேன், அது நிரல் முழுவதையும் மாற்றிவிடும், கணினியில் அந்த லொகேல் இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும்.

அப்புறம் பெயர்ப் பட்டியல். சாதாரணமாக வரிசைப்படுத்தினால் கனகா முதலில், கமலா அடுத்து. யூனிகோடில் ன இருப்பது ந-வுக்குப் பக்கத்தில், நம் நெடுங்கணக்கிலோ அதுதான் கடைசி மெய். விரல் வைத்துத் தன் பெயரைத் தேடுகிற பாட்டி, அது இருக்க வேண்டிய இடத்தில்தான் தேடுவார், அதனால் இதை விட்டுவிடாதீர்கள்: பைஐசியூ (PyICU) நூலகத்தில் டிஏ-வுக்கு ஒரு கொலேட்டர் (மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கருவி) உருவாக்கி, அதன் கெட்சார்ட்கீ-யை (getSortKey) பைத்தானின் சார்ட்டடுக்குக் (sorted) கீயாகக் (key) கொடுத்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, கணினியின் வட்டார அமைப்பை அமெரிக்காவுக்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஜூன் 6-ஐ வைத்துச் சோதிக்காதீர்கள், அது எப்படியும் சரியாகத்தான் தெரியும். ஜூன் 5-ஐயும் 25-ஐயும் வையுங்கள்.