வீட்டில் எங்காஸ்டிக் அறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்காஸ்டிக் என்பது உருக்கிய மெழுகில் நிறம் கலந்து வரையும் ஓவிய முறை. சூடான மெழுகு கையைச் சுடும், பக்கத்தில் காகிதம் கிடக்கக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களின் அறைக்குப் போனால், எங்கள் ஆரம்ப நாட்களின் கோளாறுகள் அப்படியே கண்ணில் படுகின்றன. அதில் ஒன்று இன்னமும் எரிச்சலூட்டுகிறது.

எக்ஸாஸ்ட் ஃபேனைத் தலைக்கு மேல் மாட்டுவது

ஃபேன் ஓடுகிறது, வாடை குறைகிறது, சரி போதும் என்று விட்டுவிடுகிறார்கள். மெழுகை உருக்கும் ஹாட் பிளேட்டிலிருந்து கிளம்பும் ஆவி மேலே போகும் வழியில் குனிந்து வேலை செய்பவரின் மூக்குதான் இருக்கிறது! ஃபேன் இருக்க வேண்டிய இடம் உங்களுக்கு எதிரே, மேசை உயரத்தில், ஜன்னலில். முதுகுப் பக்கம் ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருக்கட்டும். உள்ளே காற்று வராவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். காற்று பின்னாலிருந்து வந்து, உங்களைத் தாண்டி, அப்புறம் மெழுகைத் தாண்டி வெளியே போக வேண்டும். அணைத்த தீக்குச்சியை ஹாட் பிளேட் அருகே பிடித்துப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

என்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் சுவரை உடைத்து, கூரையோரம் பெரிய ஃபேனாக வைத்திருந்தார். தலைவலி விடவில்லை. ஃபேன் போதவில்லை என்று முடிவுகட்டி, விலை உயர்ந்த காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றையும் வாங்கினார். அதிலிருந்த ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். என்95 முகக்கவசமும் அப்படித்தான். கடைசியில் மேசையை ஜன்னலோரம் நகர்த்தி, அதே ஃபேனைக் கழற்றி ஜன்னலில் மாட்டினோம். தலைவலி நின்றது. சுவர் உடைத்த காசும் சுத்திகரிப்பானுக்குக் கொடுத்த காசும் போனது போனதுதான். கடையில் ஒருவராவது ஃபேனை எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம்.

சீலிங் ஃபேன்

நிறுத்துங்கள். ஆவியை அறை முழுக்கச் சுழற்றும், மெழுகையும் ஆறவைக்கும்.

ஹாட் பிளேட் குமிழிலுள்ள எண்களை நம்புவது

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். டாமர் பிசின் (மெழுகைக் கடினமாக்கும் மரப்பிசின்) கலந்த மெழுகில் வேலை செய்ய 80 முதல் 93 டிகிரி போதும். 105-ஐத் தொட விடாதீர்கள். அளவுக்கு மீறிச் சூடானால் மெழுகு சிதைந்து, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அக்ரோலின் போன்றவை வெளிவரும். கண்ணுக்குப் புகை தெரிந்தால் சூடு எப்போதோ எல்லை மீறிவிட்டது. குமிழை நம்பாமல், தட்டின் மேல் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். இன்ஃப்ராரெட் கருவி என்றால் மெழுகின் மேல் காட்டி அளக்க வேண்டும், பளபளப்பான உலோகத்தில் சூட்டைக் குறைத்துக் காட்டும்.

அக்ரிலிக் ஜெஸ்ஸோ பூசிய பலகை

வேண்டாம். ஜெஸ்ஸோ என்பது வரைவதற்கு முன் பூசும் அடிப்பூச்சு. அக்ரிலிக் வகை என்றால் மெழுகு உரிந்து வரும்.

நைலான் தூரிகை

சூட்டில் உருக்குலையும்.

எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் சொருகுவது

ஹாட் பிளேட், ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) இரண்டுமே மின்சாரத்தை நிறைய இழுப்பவை. ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் இரண்டையும் ஓட்டினால் வயரே சூடாகும்.

தீக்குத் தண்ணீர் வாளி

எரியும் மெழுகில் தண்ணீர் விட்டால் அது நொடியில் ஆவியாகி மெழுகைத் தெறிக்கவிடும், தீ பரவும். பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி, சமையல் சோடா, எரியும் திரவங்களுக்கான பி வகைத் தீயணைப்பான், மூன்றும் இருக்கட்டும். அணைப்பானை ஹாட் பிளேட்டுக்குப் பின்சுவரில் மாட்டாதீர்கள், தீயைத் தாண்டி யார் கை நீட்டுவது? வாசலருகே மாட்டுங்கள்.